பெட்டியிலுள்ள பழம்புடவையும் கடல் கடந்த கிராக்கியும்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் நம்மிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று முன்னாளில் ஒருவரும் கேளாதது. "பாட்டியின் கூறைப்புடவை பெட்டியில் இருக்கிறது, இணையத்தில் படம் போட்டால் வெளிநாட்டார் டாலர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்களாம், விற்கலாமா?" என்பதே அவ்வினா. நெசவாளர் வீட்டில் புடவை என்றால், விவசாயி வீட்டில் பித்தளைப் படியும் மரக்காலும் காளையின் கழுத்து மணியும். சில சங்கங்களில் கிடங்கின் மூலையில் கிடக்கும் பழைய மாதிரித் துணிகளைக் குறித்தே நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது.

விற்கலாம் என்றோ விற்கலாகாது என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. ஆயினும் அது பொறுப்புள்ள விடையாகாது. பொருளின் வயது என்ன, எல்லாச் செலவும் போகக் கைக்கு வருவது எவ்வளவு, அப்பொருள் போன பின்பு நம்மிடம் எஞ்சுவது யாது என்னும் மூன்றையும் பார்த்தே விடை காண வேண்டும். இவற்றுள் மூன்றாவதை ஒருவரும் கேட்பதில்லை. நாம் அதனையே மிக முக்கியமாகக் கருதுகிறோம்.

முதலில் வாங்குவோர் யார் என்பதை அறிதல் நலம். மேல்நாடுகளில் தபால்தலை சேகரிப்போர் இருப்பது போலவே பழந்துணி சேகரிப்போரும் இருக்கின்றனர். துணியை உடுத்துவது அவர்கள் நோக்கமன்று. கையால் கோர்வை போட்ட கரையையும், பிட்னி போட்டுச் சேர்த்த முந்தானையையும், ஜக்கார்டு வருமுன் அடை கட்டி எடுத்த பூவையும் விரும்பி வாங்கி வைத்துக்கொள்கின்றனர். ஆடை வடிவமைப்போர் சிலரும் மாதிரிக்காக வாங்குவர். ஈபே, எட்சி முதலிய இணையச் சந்தைகளில் விற்போரும் வாங்குவோரும் ஒருவரையொருவர் காணாமலே வாணிகம் நடக்கிறது. சென்னைக் கட்டத்துணிகளுக்கோ மேலும் ஒரு கிராக்கி உண்டு. ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்சீப் என்ற பெயரில் நம் நெசவாளர் நெய்த துணி தலைமுறை தலைமுறையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அத்துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் வெட்டி உருவிப் புதுக் கோலம் உண்டாக்குவர். அவ்வாறு செய்த துணிகளைக் குடும்பச் சொத்தாகப் பெட்டியில் காத்தும் வருவர். நாம் நெய்து அனுப்பியதை அவர்கள் காக்க, நாமோ நம் வீட்டிலிருப்பதைப் பழந்துணி என்கிறோம்!

இப்போது அப்பழந்துணி எங்கே போகிறது? தெருவில் வரும் "பழைய பட்டு" வியாபாரியிடம் போகிறது. அவர் புடவையை விரித்துப் பூவழகைப் பார்ப்பதில்லை. கரையையும் முந்தானையையும் கையில் தூக்கிப் பார்த்து, சரிகையை உரசிப் பார்த்து, விலை சொல்கிறார். துணியை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதே அவர் தொழில். இக்காலத்துத் தரமான சரிகைக்கு வெள்ளி 40 விழுக்காடு, தங்கம் அரை விழுக்காடு என்று அளவு வகுத்துள்ளனர். முற்காலத்துச் சரிகையில் வெள்ளி அதனினும் மிகுதி. ஆகவே பழம்புடவைக்கு வியாபாரி கொடுக்கும் தொகை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. வெள்ளிக்குரிய விலையில் ஒரு பகுதி அது. நெய்தவரின் உழைப்புக்கு மட்டும் அக்கணக்கில் ஒரு காசும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கொடுப்பதோ அந்த உழைப்புக்குரிய விலை. இரண்டுக்குமுள்ள இவ்வேறுபாடே அங்கத்தினரைக் கவர்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. மகளின் படிப்புக் கட்டணம் கட்டவேண்டிய தாயிடம், பாரம்பரியம் என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிவைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இனி வயது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். சிலையும் செப்பேடும் மட்டுமே தொல்பொருள் என்று பலர் எண்ணுகின்றனர், அஃது அன்று. முற்காலத்துக் கலை, கைத்தொழில், சமயம், வழக்கம் ஆகியவற்றை விளக்கும் எப்பொருளும் அதில் அடங்கும். துணியும் அடங்கும், பித்தளைப் படியும் அடங்கும். அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய சுவடிக்கோ 75 ஆண்டே போதும். இவ்வகைப் பொருளை மத்திய அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ அன்றி வேறெவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மீறுவோருக்கு 6 மாதத்திற்குக் குறையாத, 3 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. அறியாமல் அனுப்பினோம் என்பது காப்பாகாது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடலாம். உலக நாடுகள் பின்பற்றும் சுங்க அட்டவணையில் நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கென்று தனித் தலைப்பே உண்டு. அமெரிக்கா முதலிய நாடுகள் அதற்குச் சலுகையும் தருகின்றன. அங்கே நுழைவதற்கு எது எளிதோ, அதுவே இங்கிருந்து புறப்படலாகாதது. எனவே வாங்குவோர் "நூறாண்டு ஆயிற்று என்று எழுதித் தாருங்கள், எனக்குத் தீர்வை மிச்சம்" என்று கேட்பாராயின், அவர் கேட்பது தமக்கு லாபம். எழுதிக் கொடுப்போருக்கோ அதுவே குற்ற ஒப்புதல்.

1920இல் மணமான கொள்ளுப்பாட்டியின் கூறைப்புடவை நூறாண்டு கடந்தது. அதைப்பற்றி மேலே பேச்சில்லை. 1950இல் மணமானவரின் புடவை கடவாதது. எல்லைக்கு அருகில் நிற்கும் பொருளைப் பற்றித்தான் கவலை. மண அழைப்பிதழ், பழைய புகைப்படம், கடை ரசீது, துணியின் ஓரத்துச் சங்க முத்திரை ஆகிய ஏதேனும் சான்று இருக்கவேண்டும். ஐயமுள்ளபோது இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையிடம் பொருளைக் காட்டி, இது தொல்பொருளன்று என்னும் சான்றிதழ் பெறலாம். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ளது. படி, உழக்கு போன்ற அளவைகளில் இன்னும் ஒரு குறிப்பு உதவும். 1956இன் தர எடை அளவைச் சட்டத்தின்பின், 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. எனவே அரசு முத்திரை இட்ட பழைய அளவைகள் பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை. எவ்வளவு முற்பட்டவை என்பதற்கு முத்திரையிலுள்ள எழுத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். தந்தப் பிடி உள்ள பொருளை விற்கவே எண்ணவேண்டாம். வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஈட்டி மரத்தாலான பொருளுக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி கட்டுப்பாடு உண்டு.

வயதில் தடையில்லை என்று கொள்வோம். அடுத்தது கணக்கு. இங்கேதான் அங்கத்தினர் மிகவும் ஏமாறுகின்றனர். பிறர் ஏமாற்றியன்று, தாமே முழுக்கணக்குப் போடாமல். கீழ்வரும் தொகைகள் யாவும் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. தத்தம் ஊர் விலையையும் அன்றைய கட்டணத்தையும் இட்டு மாற்றிக்கொள்க.

ஒரு புடவை 200 டாலருக்கு விற்றது. டாலர் 90 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். சந்தை நடத்துவோருக்கும் பணம் வாங்கித்தருவோருக்குமாக 15 விழுக்காடு, அதாவது 2,700 ரூபாய் போகும். டாலரை ரூபாயாக்குவதில் 3 விழுக்காடு, 540 ரூபாய். விரைவு அஞ்சலுக்கு 3,000 ரூபாய். உறை, மெல்லிய தாள், படம் எடுத்தல் ஆகியவற்றுக்கு 400 ரூபாய். இவை போக எஞ்சுவது 11,360 ரூபாய். தெருவியாபாரி 6,000 ரூபாய் தருவதாகக் கொண்டால், மிகுதி 5,360.

நன்று, ஆனால் பத்துப் புடவை அனுப்பினால் பத்தும் ஒழுங்காகச் சேரும் என்று எண்ணலாகாது. ஒன்று வழியில் தவறலாம். அல்லது வாங்கியவர் மடிப்பில் பட்டு இற்றிருக்கிறது என்று கூறிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சந்தைக்காரர் பெரும்பாலும் வாங்குவோர் பக்கமே தீர்ப்பளிப்பர். பத்தில் ஒன்று அவ்வாறு போயிற்று என்போம். ஒன்பது புடவைக்கு நிகரம் 1,02,240 ரூபாய். பத்தாவதற்கு விலையும் இல்லை, தரகும் இல்லை. அஞ்சலும் உறையும் செலவானது செலவானதே: 3,400 ரூபாய் நஷ்டம். மொத்தம் 98,840, புடவைக்குச் சராசரி 9,884. தெருவியாபாரியின் விலையைக் காட்டிலும் 3,884 ரூபாய் மிகுதி என்பது இன்னும் நல்ல லாபமே.

ஆனால் விற்ற விலை 200 டாலராக இல்லாமல் 100 டாலராக இருந்தால்? 9,000 ரூபாயில் 18 விழுக்காடு கழிய 7,380; அதில் 3,400 கழிய 3,980. வாசலில் வந்தவரிடமே கொடுத்திருக்கலாம். மேற்கண்ட செலவுகளுக்கு, பத்தில் ஒன்று போகும் என்று கொண்டால், ஏறத்தாழ 142 டாலருக்குக் குறைவாக விற்பது நஷ்டம். கடல் கடந்த விற்பனையில் அஞ்சற்செலவு விலைக்குத் தக்கபடி குறைவதில்லை. ஆகையால் சிறு விலைப் பொருளுக்கு அவ்வழி உதவாது. உழக்கு ஒன்றை விற்க முயல்வோர் இதனை நன்கு கவனிக்க. பித்தளையின் கனமே அஞ்சலில் தின்றுவிடும்.

வாங்குவோர் நாட்டுச் சுங்கமும் இக்கணக்கில் சேரும். அமெரிக்காவில் 800 டாலர் வரையுள்ள சிறு பொதிகள் தீர்வையின்றி நுழைந்துவந்தன. அச்சலுகை 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதனை முன்னிட்டு நம் அஞ்சல்துறை 2025 ஆகஸ்டு 25 முதல் அந்நாட்டுக்குப் பொதிகள் ஏற்பதை நிறுத்தி, தீர்வையை இங்கேயே முன்கூட்டி வாங்கும் ஏற்பாட்டைச் செய்தபின் அக்டோபர் 15 முதல் மீண்டும் ஏற்றது. இடையிலிருந்த ஏழு வாரங்களில் பொருளை விற்றுப் பணமும் வாங்கியிருந்தவர் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியமோ 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு சிறிய பொதிக்கும் வரி விதிக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல், அங்கே விற்கும் பொருளுக்கு அங்கேயே ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. தொன்மைக் கலைப்பொருளுக்கு அவ்விதியில் விலக்கு உண்டு. உடுத்திக் கழித்த பழைய புடவைக்கு அவ்விலக்குக் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. இத்தகைய விதிகள் நம்மைக் கேட்டு மாறுவன அல்ல. ஆண்டு முழுதும் குடும்பச் செலவுக்கு இவ்வருவாயையே நம்பியிருத்தல் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுவதில்லை.

பொருளைப் பற்றி எழுதும் விவரத்தில் உண்மை வேண்டும் என்பதற்கு நம் கைத்தறி வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1958இல் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்னும் ஏற்றுமதியாளர் சென்னைக் கட்டத்துணியை அமெரிக்க வணிகர் ஒருவருக்கு அனுப்பினார். அத்துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெயர்பெற்ற கடையில் சட்டையாயிற்று. தாவரச் சாயம் தோய்த்த துணி. குளிர்நீரில் தனியே அலச வேண்டும். அக்குறிப்பு வாங்கியவரிடம் போய்ச் சேரவில்லை. சாயம் கழன்றது, புகார்கள் குவிந்தன, வழக்கு வரையில் பேச்சு எழுந்தது என்பர். பின்னர் அவ்வணிகரே, ஒவ்வொரு சலவையிலும் நிறம் இளகிப் புது அழகு பெறும் துணி இது, சாயம் கழல்வதற்கு உத்தரவாதம் உண்டு என்று விளம்பரம் செய்தார். மக்கள் தேடித்தேடி வாங்கினர். அந்நாளையச் சட்டைகள் இன்று அமெரிக்காவில் சேகரிப்போர் கைப்பொருளாகிவிட்டன.

சாயம் கழல்வது முதலிலும் உண்மை, பின்னரும் உண்மை. சொல்லாமல் விட்டபோது அது குற்றம்; சொன்னபோது அதுவே குணம். பழம்புடவைக்கும் இதுவே முறை. மடிப்பில் இற்ற இடம், சரிகை கறுத்த இடம், எண்ணெய்க் கறை, தைத்த கிழிசல் ஆகிய ஒவ்வொன்றையும் அருகில் வைத்துப் படம் எடுத்துக் காட்டுக. சுத்தச் சரிகையா என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுக. சேகரிப்போர் குறையுள்ள பொருளை வாங்க அஞ்சுவதில்லை. குறையை மறைத்தவரிடம் மீண்டும் வாங்குவதில்லை. அனுப்பும்போது புடவையைப் பழைய மடிப்பிலேயே மடிக்காமல் அட்டைக் குழலில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்துச் சுருட்டி அனுப்ப வேண்டும். பழைய பட்டு முதலில் இறுவது மடிப்பில்தான் என்பது நெசவாளருக்குத் தெரியாததன்று.

இனி நாம் முக்கியமென்று கூறிய மூன்றாவதற்கு வருவோம். புடவை போனபின் நம்மிடம் எஞ்சுவது என்ன?

1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தொகுத்தார். 18 தொகுதிகள், அவற்றில் 700 துண்டுகள். சென்னை மாகாணத்துத் துணிகளும் அவற்றுள் இருந்தன. இத்தொகுப்பில் 20 படிகள் ஆயத்தமாயின. 13 படிகள் பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை உடுத்துகின்றனர் என்று அங்குள்ள ஆலைக்காரர் அறிந்து அதுபோலவே நெய்து இங்கே அனுப்பவேண்டும் என்பதே நோக்கம். நெசவாளரின் நாட்டிலே ஏழு, அவர் போட்டியாளரின் நாட்டிலே பதின்மூன்று! வெட்டி ஒட்டிய அச்சிறு துண்டுகளுக்கு அன்று எவரேனும் விலை கொடுத்துத்தான் இருப்பர். விற்றவருக்கு ஒரு முழத் துணியின் விலை கிடைத்தது. வாங்கியவருக்குக் கிடைத்தது வடிவம்.

ஆயினும் இதே வரலாற்றில் மற்றொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லுதல் நேர்மை. அந்தத் தொகுதிகளில் ஒட்டப்பட்டதனாலேயே பல துணிகளின் வடிவம் இன்றும் கண்ணால் காணக் கிடைக்கிறது. ஊரிலே இருந்தவை உடுத்திக் கிழிந்தும் எரிந்தும் போயின. ஆகவே, கடல் கடந்து போனதெல்லாம் அழிந்தது என்றோ, வீட்டில் இருப்பதெல்லாம் காக்கப்பட்டது என்றோ சொல்ல முடியாது. தெருவியாபாரியின் உலைக்குப் போகும் புடவையைக் காட்டிலும் அயல்நாட்டார் அலமாரியில் இருக்கும் புடவை மேல் என்பதே நம் கருத்து. அதனினும் மேலானது ஒன்று இருக்கிறது.

விவசாயி விளைந்த நெல் முழுவதையும் விற்பதில்லை. எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறார். பழம்புடவைகளில் பெரும்பாலானவை விளைநெல், சில விதைநெல். ஒரே வகைப் புடவை ஊரில் பத்து வீட்டில் இருந்தால் ஒன்றை விற்பதில் குற்றமில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் பேட்டும், எவருக்கும் இனி கட்டத் தெரியாத அடை வேலையும் விதை. சென்னை கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் நெசவுக்கூடம் அமைத்தபோது, பழைய புடவைகளின் கரையையும் பூவையும் நிறச்சேர்க்கையையும் மாதிரியாக வைத்தே புதிய புடவைகளை நெய்வித்தார். மாதிரி கையில் இருந்ததால் தறிக்கு வேலை கிடைத்தது. ஒரு புடவையை 200 டாலருக்கு ஒருமுறை விற்கலாம். அதை மாதிரியாக வைத்துப் பத்துத் தறிக்கு ஆண்டுதோறும் பாவு போடலாம். இரண்டில் எது பெரிய தொகை என்பதை நெசவாளரே கணக்கிட்டுக்கொள்வர்.

வடிவத்தைப் பதிவு செய்து காத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பர். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்திற்கே பாதுகாப்புத் தருகிறது. பழைய வடிவத்திற்கு அது உதவாது. கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டினுள் மட்டுமே செல்லும். ஆகவே இணையத்தில் தெளிவான படம் ஏற்றிய கணமே எவரும் அவ்வடிவத்தை எடுத்து விசைத்தறியிலோ அச்சுத்துணியிலோ போட்டுக்கொள்ளக்கூடும். இதைத் தடுப்பதற்கு நம்மிடம் வலுவான கருவி இல்லை. நாம் செய்யக்கூடியது, பிறர் எடுக்குமுன் நாமே எடுத்துவைத்துக்கொள்வதுதான்.

எனவே நாம் கூறும் யோசனை இது. விற்க விரும்பும் அங்கத்தினர் புடவையை முதலில் சங்கத்திற்குக் கொண்டுவரட்டும். சங்கத்தில் அனுபவமுள்ள நெசவாளர் இருவர் அதைப் பார்த்து நீளம், அகலம், எடை, அங்குலத்துக்கு எத்தனை இழை, கோர்வை உண்டா, பிட்னி உண்டா, எந்த நிறத்தோடு எந்த நிறம் என்பவற்றைக் குறித்துக்கொள்வர். கரையையும் பூவையும் கட்டத்தாளில் எடுத்து, முன்புறமும் பின்புறமும் படம் பிடித்து வைப்பர். ஒரு புடவைக்கு அரைநாள் வேலை. அதன்பின் அப்புடவை விற்பனைக்குப் போகலாம். விதைப்புடவை என்று அவ்விருவரும் கருதினால், துணைவிதிகள் இடங்கொடுக்கும் நிதியிலிருந்து சங்கமே அதை வாங்கிவைக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையில் கைக்கு வரும் நிகரத்தொகை எவ்வளவோ அதனை ஒட்டிய விலையில் வாங்க வேண்டும். தெருவியாபாரியின் விலையைக் கொடுத்துச் சங்கம் வாங்குதல் அநியாயம். அங்கத்தினரின் தியாகத்தில் சங்கம் மாதிரி சேர்க்கலாகாது.

சங்கத்துக்கே சொந்தமான பழம்பொருள்களுக்கு விதி வேறு. கிடங்கிலுள்ள மாதிரித் துணி, பழைய தறிச்சாமான், முத்திரைக் கட்டை ஆகியவை தளவாடப் பதிவேட்டில் ஏறியுள்ள பொதுச்சொத்து. பதிவேட்டில் ஏறாதவையும் பொதுச்சொத்தே. ஏறாதது பதிவேட்டின் குறையே தவிர, எடுப்பவரின் உரிமையாகாது. முறையான தீர்மானமும் துறையின் ஒப்புதலும் இன்றி இவற்றை எவரும் விற்கலாகாது. பழைய பங்குப் பத்திரங்களைக் கூடச் சேகரிப்போர் வாங்குகின்றனர் என்று கேள்விப்பட்டு ஆசைப்படுவோர் உண்டு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் தோன்றிய முதற் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகமும் பங்குப் பதிவேடும் நம் இயக்கத்தின் வரலாற்று ஆவணங்கள். அவை எடைக்கும் போகலாகாது, ஏலத்திற்கும் போகலாகாது.

விற்பனையைத் தனித்தனியே செய்வதா, சங்கத்தின் வழியே செய்வதா என்ற கேள்வியில் நமக்கு இரண்டு எண்ணம் இல்லை. வாணிகமாக ஏற்றுமதி செய்வோர் வெளிநாட்டு வாணிகத் தலைமை இயக்ககத்தில் ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெறவேண்டும். ஏற்றுமதிக்குச் சரக்கு சேவை வரி இல்லை. எனினும் வரி கட்டாமல் அனுப்புவதற்கு உறுதிமுறி ஒன்று எழுதிக் கொடுக்கவேண்டும். வரும் அந்நியச் செலாவணி ரிசர்வ் வங்கி குறித்த காலத்திற்குள் வங்கியின் வழியே வந்தாகவேண்டும். இவற்றைப் பத்து அங்கத்தினர் பத்து முறை செய்வதைவிடச் சங்கம் ஒருமுறை செய்வது எளிது. 2022 முதல் அஞ்சல்துறை ஏற்றுமதி மையங்களைத் திறந்துவருகிறது. அங்கே சுங்கச்சீட்டைக் கணினி வழியே பதிந்து பொதியைக் கொடுத்துவிடலாம். அங்கத்தினரின் புடவையைச் சங்கம் கைமாற்று விற்பனைக்கு ஏற்று, ரசீது கொடுத்து, விற்ற பின் செலவைக் கழித்து நிகரத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒரு பொதி தவறினால் நஷ்டம் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழாதபடி, ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகையை எடுத்து இழப்பு நிதி வைத்துக்கொள்ளலாம். விதைகளை அஞ்சலில் அனுப்புவது பற்றி விவசாயிகள் கேட்டால், அது முற்றிலும் வேறு சட்டங்களுக்கும் தாவர நலச் சான்றுக்கும் உட்பட்டது. இங்கே கூறியவை அதற்குப் பொருந்தா.

ஓர் எச்சரிக்கை. பழைய நாணயத்தையும் நோட்டையும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாக வரும் செய்திகளை நம்பி முன்பணம் கட்டி இழந்தோர் பலர். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிச் சிலர் கட்டணமும் வரியும் கேட்பதாகவும், அத்தகைய பரிவர்த்தனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. புடவைக்கும் இதே வலை விரிக்கப்படும். வாங்குவோர் பணம் கொடுப்பவர். விற்போரிடம் முன்பணம் கேட்கும் வாங்குவோர் உலகில் எங்கும் இல்லை.

படிப்பு வட்டத்தார்க்கு ஒரு கணக்கு. ஓர் அங்கத்தினரிடம் 1948இல் மணத்துக்கு எடுத்த புடவை இருக்கிறது, ரசீதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து 160 டாலருக்குக் கேட்கின்றனர். டாலர் 90 ரூபாய். தரகும் மாற்றுக் கழிவும் சேர்த்து 18 விழுக்காடு. அஞ்சலும் உறையும் 3,700 ரூபாய். பத்தில் ஒரு பொதி தவறும் என்று கொள்க. தெருவியாபாரி 7,000 ரூபாய் சொல்கிறார். இரண்டில் எது எவ்வளவு மிகுதி? இதனைக் கண்டபின் அடுத்தது: அப்புடவையின் கரையிலுள்ள வேலை ஊரில் வேறெவர் வீட்டிலும் இல்லை என்று மூத்த நெசவாளர் கூறுகின்றனர். சங்கம் அதற்கு என்ன விலை கொடுக்கலாம், அத்தொகையை எந்த நிதியிலிருந்து எடுக்கலாம் என்பதைத் தத்தம் சங்கத்தின் துணைவிதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதுக.